ஓடிட்டிருந்த கார் திடீர்னு ஆஃப் ஆயி திரும்ப ஸ்டார்ட் ஆகலையா? ரோட்டோரத்துலயே காரணம் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி, மேல்மருவத்தூர் தாண்டி திண்டிவனம் வர்றதுக்கு முன்னாடி, 90ல போயிட்டிருந்த என் பழைய பெட்ரோல் வண்டி ஒரு குலுக்கல் கூட இல்லாம அப்படியே ஆஃப். சுவிட்ச் போட்டு ஃபேனை நிறுத்துன மாதிரி. ஓரம்கட்டி செல்ஃப் அடிச்சா நல்லா அடிக்குது, ஆனா பிடிக்கல. அரை மணி நேரம் வெயில்ல நின்னு, ரெக்கவரி வண்டிக்கு போன் பண்ணி, வர்றவங்க வந்து சேர்றப்போ சும்மா ஒரு தடவை சாவியை திருப்புனேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிடுச்சு. இதே கதை அடுத்த ரெண்டு மாசத்துல மூணு தடவை. ஒரு இடத்துல பம்ப் மாத்துனாங்க, இன்னொரு இடத்துல பிளக், காயில், ஃபில்டர் எல்லாம் மாத்துனாங்க, மொத்தம் 11,000 ரூபாய்க்கு மேல போச்சு, வண்டி மட்டும் மாறல. கடைசில கோளாறு என்னன்னு பார்த்தா விரல் அளவு சென்சார் ஒண்ணு.

அதுல எனக்கு உறைச்சது இதுதான். வண்டி நின்னு போயிருக்கற அந்த இருபது நிமிஷத்துல மட்டும்தான் கோளாறு கண்ணுக்கு தெரியும். சூடு ஆறி ஸ்டார்ட் ஆயிட்டா எந்த மெக்கானிக் வந்தாலும் ஊகம்தான், ஊகத்துக்கு பில் நாமதான் கட்டணும். அதனால போனை எடுத்து நாலு பேருக்கு கால் பண்றதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியதை பார்த்து வச்சுக்கணும். பெரிய டூல்ஸ் எதுவும் வேண்டாம், காது, கண்ணு, முடிஞ்சா ஒரு 300 ரூபா மல்டிமீட்டர்.

முதல்ல நீங்க பத்திரமா இருக்கணும்

ஓடும்போதே இன்ஜின் ஆஃப் ஆனா ஸ்டீயரிங் கனமாயிடும், பிரேக் கல்லு மாதிரி ஆகும்னு நிறைய பேர் பயந்து பதறிடறாங்க. பிரேக் பூஸ்டர்ல மிச்ச வேக்யூம் இருக்கும், ஒண்ணு ரெண்டு தடவை நல்லாவே பிடிக்கும், அதனால விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்தி ஓரம்கட்டுங்க. வண்டி முழுசா நிக்கற வரைக்கும் சாவியை வெளிய எடுக்கவே கூடாது, ஸ்டீயரிங் லாக் ஆயிடும். ஹசார்டு லைட் போடுங்க, முக்கோணத்தை வண்டிக்கு பின்னாடி நல்லா தள்ளி, 50 மீட்டராவது தள்ளி வைங்க, வண்டில வந்தவங்க எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போயிடட்டும். நேஷனல் ஹைவேல 1033க்கு அடிச்சா ஹெல்ப் வரும், அதை முதல்லயே சொல்லி வச்சுடுங்க, அவங்க வர்ற நேரம்தான் உங்களுக்கு டெஸ்ட் பண்ற நேரம். இடம் மோசமா இருந்தா, வளைவு, பாலம், ராத்திரி லைட் இல்லாத ரோடுன்னா, கீழ சொல்றது எதையும் அங்க பண்ணாதீங்க.

சாவியை திருப்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க: எப்படி ஆஃப் ஆச்சு?

இது ரொம்ப முக்கியம், ஏன்னா பாதி விடை இதுலயே இருக்கு. சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி சட்டுனு நின்னுச்சா, இல்ல இழுத்து இழுத்து, முக்கி முக்கி நின்னுச்சா? சட்டுனு நின்னா அது பெரும்பாலும் எலக்ட்ரிக்கல் பக்கம், அதாவது கிராங்க் சென்சார் (இன்ஜின் சுத்துதான்னு பார்த்து சொல்ற சென்சார்), மெயின் ரிலே (கரண்ட்டை போட்டு நிறுத்தற சின்ன சுவிட்ச் பெட்டி), இக்னிஷன் சுவிட்ச், லூஸான பேட்டரி டெர்மினல், இல்லேன்னா டைமிங் பெல்ட் (வால்வை பிஸ்டனோட தாளத்துல ஓட்டற பெல்ட்) அறுந்தது. ஆக்சிலரேட்டர் மிதிச்சும் பவர் வராம திக்கித் திணறி நின்னா பெட்ரோல் பக்கம், பம்ப், ஃபில்டர், டேங்க்ல தண்ணி. நிக்கறதுக்கு முன்னாடியே லைட் மங்கி, வைப்பர் மெதுவாகி, மீட்டர்ல எல்லா லைட்டும் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி எரிஞ்சு அப்புறம் நின்னா அது பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோ, பேட்டரில இருந்த கரண்ட்லயே ஓடி ஓடி தீர்ந்து போயிருக்கு.

இதுக்கப்புறம் ரெண்டு கேள்வி, ரெண்டுல எதுக்கு பதில் ஆமான்னாலும் செல்ஃப் அடிக்கவே கூடாது. டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறியிருந்துச்சா, ஆயில் லைட் எரிஞ்சுச்சா? அப்படின்னா பானெட்டை தூரமா நின்னு திறந்து ஆற விடுங்க, சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை திறந்து முகத்தை வேக வச்சுக்காதீங்க. தண்ணிக்குள்ள போகும்போது நின்னுச்சா? அதுக்கு தனியா கீழ சொல்றேன்.

சாவியை ஆன்ல மட்டும் வைங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க

அவசரத்துல யாரும் பண்ணாத வேலை இது. ஏசி, ஃபேன், பாட்டு எல்லாம் ஆஃப் பண்ணிட்டு, கண்ணாடி ஏத்திட்டு, சாவியை ஆன்ல வச்சு கவனிங்க.

செக் இன்ஜின் லைட் எரியணும். இன்ஜின் ஓடாம சாவி மட்டும் ஆன்ல இருக்கும்போது அது எரிஞ்சாதான் நார்மல், எரியலேன்னாதான் பிரச்சனை, ஈசிஎம்முக்கே (இன்ஜினை கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) கரண்ட் போகலேன்னு அர்த்தம், மெயின் ரிலே, அதோட ஃப்யூஸ், இக்னிஷன் சுவிட்ச் இந்த மூணுல ஒண்ணு. அப்புறம் சாவி படமோ பூட்டு படமோ போட்ட லைட் விடாம மினுக்குதான்னு பாருங்க, அது இம்மொபிலைசர், சாவில இருக்கற சிப்பை வண்டி அடையாளம் கண்டுக்கல. ஸ்டார்ட் ஆகி ஒரு செகண்ட்ல ஆஃப் ஆனாலும் இதுவா இருக்கலாம். ஸ்பேர் சாவி இருந்தா அதை போடுங்க, பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா ரிமோட்டையே பட்டன் மேல ஒட்ட வச்சு அழுத்துங்க, ரிமோட் பேட்டரி செத்திருந்தாலும் நிறைய வண்டில அப்படி எடுத்துக்கும்.

மூணாவது, பின் சீட் பக்கம் காது கொடுங்க. சாவி ஆன் பண்ணதும் பெட்ரோல் பம்ப் ரெண்டு மூணு செகண்ட் "ஊஊங்"னு ஓடி நிக்கும். பக்கத்துல லாரி போயிட்டிருந்தா கேக்காது, யாரையாவது பின் சீட்ல உக்கார வச்சு கேக்க சொல்லுங்க. சத்தம் வந்துச்சா இல்லையான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. சில வண்டி ஆன் பண்ணும்போது ஓட்டாது, கதவு திறந்தாலே ஓட்டிடும், அதனால உங்க வண்டி நல்லா இருக்கற நாள்லயே ஒரு தடவை இந்த சத்தத்தை கேட்டு பழகிக்கோங்க. நான் இப்ப தினமும் காலைல அனிச்சையா கேக்கறேன், வீட்ல சிரிக்கறாங்க.

இப்போ செல்ஃப் அடிங்க, இங்கதான் ரோடு ரெண்டா பிரியுது

ஒரு தடவைக்கு அஞ்சு செகண்ட், அதுக்கு மேல வேண்டாம், நடுவுல அரை நிமிஷம் விடுங்க. விடாம அடிச்சா செல்ஃப் மோட்டார் சூடாகும், பேட்டரி போகும், எரியாத பெட்ரோல் சைலன்சர்ல இருக்கற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்ல போய் சேரும், ஒரு கோளாறு மூணு கோளாறாகும்.

*செல்ஃப் அடிக்கவே இல்ல, இல்ல "டிக் டிக்"னு மட்டும் வருது*

ஹெட்லைட்டை போட்டுட்டு சாவியை திருப்புங்க. லைட் அப்படியே செத்துப் போனா பேட்டரி டவுன், இல்லேன்னா டெர்மினல் லூஸ். லைட் பளிச்னு அப்படியே இருந்து செல்ஃப் மட்டும் அடிக்கலேன்னா செல்ஃப் மோட்டார், அதோட ரிலே, இல்ல கிளட்ச் சுவிட்ச். ஆட்டோமேட்டிக் வண்டின்னா கியரை பார்க்ல இருந்து நியூட்ரலுக்கு மாத்தி ஒரு தடவை பாருங்க, அந்த சுவிட்ச் தேய்ஞ்சு போனா இப்படித்தான் பண்ணும்.

பேட்டரி டெர்மினலை கையால பிடிச்சு திருகிப் பாருங்க. அசையவே கூடாது. அசைஞ்சா பெரும்பாலும் கேஸ் முடிஞ்சுது, பள்ளத்துல விழுந்து ஏறுன உடனே எல்லாமே ஆஃப் ஆச்சுன்னா முதல் சந்தேகம் இதுதான். வெள்ளையா பச்சையா உப்பு பூத்திருந்தா கழட்டி (முதல்ல நெகட்டிவ், மாட்டும்போது கடைசில நெகட்டிவ்) சுரண்டி மாட்டுங்க. நெகட்டிவ்ல இருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போற எர்த் ஒயரையும் பாருங்க, மேல நல்லா இருக்கும், ரப்பருக்குள்ள பச்சை பிடிச்சு அறுந்திருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தா இன்னும் நல்லது. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல், 12.2 பாதி, 12க்கு கீழன்னா பேட்டரில ஒண்ணுமில்ல. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ போகக்கூடாது. இன்னொரு வண்டி பேட்டரில இருந்து ஜம்ப் போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டு ஓடும்போது 13.8ல இருந்து 14.5 வரைக்கும் இருக்கணும், அதுவும் 12லயே நின்னா டைனமோ சார்ஜ் பண்ணல, அந்த வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போய் திரும்ப நிக்கும், நேரா எலக்ட்ரீஷியன் கடைக்கு விடுங்க. ஒரு விஷயம், டைனமோ வேலை செய்யுதான்னு பாக்க ஓடற வண்டில பேட்டரி ஒயரை புடுங்கற பழக்கம் இன்னும் சில கடைல இருக்கு. அது அம்பாசிடர் காலத்து டெஸ்ட். இப்ப இருக்கற வண்டில அப்படி பண்ணா வோல்டேஜ் எகிறி ஈசிஎம் போயிடும், கை வைக்க விடாதீங்க.

செல்ஃப் "டக்"னு ஒரே ஒரு கனமான சத்தம் போட்டு நின்னுச்சு, பேட்டரியும் நல்லா இருக்குன்னா இன்ஜின் ஜாம் ஆயிருக்க வாய்ப்பு இருக்கு, ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்க, திரும்ப திரும்ப அடிக்காதீங்க.

*செல்ஃப் நல்லா அடிக்குது, வண்டி பிடிக்கல*

என் கேஸ் இது, அதனால இங்க கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

முதல்ல செல்ஃப் சத்தத்தையே கவனிங்க. வழக்கமா "றூ-றூ-றூ-றூ"ன்னு ஏத்தி இறக்கி கேக்கும், ஒவ்வொரு சிலிண்டரும் காத்தை அமுக்கற சத்தம் அது. அந்த ஏத்த இறக்கம் இல்லாம மிக்சி மாதிரி ஒரே சீரா, வழக்கத்தை விட வேகமா "வீஈஈ"ன்னு சுத்துனா டைமிங் பெல்ட் அறுந்திருக்கும், இல்ல செயின் தாவியிருக்கும். உடனே நிறுத்துங்க. நிறைய இன்ஜின்ல பெல்ட் போனா பிஸ்டன் வந்து வால்வை இடிக்கும், நீங்க அடிக்கற ஒவ்வொரு செல்ஃபும் செலவை ஏத்தும், தள்ளி ஸ்டார்ட் பண்றதும் அதே தப்புதான்.

சத்தம் நார்மல்னா, செல்ஃப் அடிக்கும்போதே ஆர்பிஎம் முள்ளை பாருங்க. நல்ல வண்டில செல்ஃப் அடிக்கும்போது முள்ளு பூஜ்யத்துல இருந்து கொஞ்சூண்டு எழும்பும், 200 கிட்ட ஒரு நடுக்கம். முள்ளு செத்த மாதிரி படுத்தே கிடந்தா இன்ஜின் சுத்துதுன்னே ஈசிஎம்முக்கு தெரியல, கிராங்க் சென்சார் சிக்னல் வரல. எல்லா வண்டியும் இதை காட்டாது, ஆனா காட்டற வண்டில இதை விட சுலபமான டெஸ்ட் கிடையாது, காசும் கிடையாது.

இங்கதான் என்னையும் ரெண்டு கடையையும் வண்டி ஏமாத்துச்சு. சாவி ஆன்ல வைக்கும்போது பம்ப் ரெண்டு செகண்ட் ஓடுது, ஆனா செல்ஃப் அடிக்கும்போது ஓடல. உடனே "சார், பம்ப் வீக்கு, சூடானா நின்னுடுது"ன்னு தீர்ப்பு. விஷயம் என்னன்னா, இன்ஜின் சுத்துதுன்னு கிராங்க் சென்சார் சொன்னாதான் ஈசிஎம் பம்பை தொடர்ந்து ஓட்டும், சொல்லலேன்னா ஆக்சிடென்ட்ல பெட்ரோல் கொட்டாம இருக்கறதுக்காக கட் பண்ணிடும். பம்ப் மேல தப்பே இல்ல, அதுக்கு மேலிடத்துல இருந்து உத்தரவு வரல. அதே நேரத்துல பிளக்குக்கு கரண்ட் கொடுக்கற காயிலுக்கும் உத்தரவு வராது, பெட்ரோலை தெளிக்கற இன்ஜெக்டருக்கும் வராது. அதனால இப்படி வச்சுக்கோங்க: பிளக்ல கரண்ட் மட்டும் இல்லேன்னா காயில் பக்கம், பெட்ரோல் மட்டும் வரலேன்னா பம்ப் பக்கம், ரெண்டும் ஒரே நேரத்துல இல்லேன்னா ரெண்டுக்கும் பொதுவா இருக்கற இடம், அதாவது கிராங்க் சென்சார், மெயின் ரிலே, ஈசிஎம்முக்கு போற கரண்ட், எர்த்.

கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா, எப்படி பாக்கறது

பெட்ரோல் பக்கத்துக்கு சுலபமான டெஸ்ட், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே. ஏர் ஃபில்டர் குழாயை கழட்டி த்ராட்டில் வாய்ல (இன்ஜினுக்குள்ள காத்து போற வாய்) ஒரே ஒரு செகண்ட் அடிச்சுட்டு, தள்ளி நின்னு, இன்னொருத்தரை செல்ஃப் அடிக்க சொல்லுங்க. ரெண்டு மூணு தடவை வெடிச்சு உயிர் வந்து திரும்ப நின்னா கரண்ட் இருக்கு, பெட்ரோல்தான் வரல. சலனமே இல்லேன்னா கரண்ட் இல்ல. முகத்தை கிட்ட கொண்டு போகாதீங்க, சில சமயம் தீ திருப்பி அடிக்கும், இன்ஜின் கொதிக்கற சூட்ல இருந்தாலோ எங்கயாவது பெட்ரோல் வாசனை அடிச்சாலோ இதை பண்ணவே பண்ணாதீங்க.

கரண்ட் பார்க்க, ஒரு காயிலை கழட்டி ஸ்பேர் பிளக்கை அதுல சொருகி, பிளக்கோட மரை பகுதியை ஜம்ப் கேபிளால இன்ஜின் இரும்புல எர்த் பண்ணிட்டு, பம்ப் ரிலேயை எடுத்துட்டு, ரெண்டு செகண்ட் செல்ஃப். நீலமா பட்டுனு அடிக்கணும், மஞ்சளா சோம்பேறியா அடிச்சா வீக். கையால பிடிச்சுக்கிட்டு பார்க்கற வீரம் எல்லாம் வேண்டாம், காயில்ல இருந்து வர்றது 20,000 வோல்ட்டுக்கு மேல. ரோட்ல நிக்கும்போது இந்த வேலை கஷ்டம்தான், வீட்டு வாசல்ல நின்னு போன வண்டிக்கு பண்ணலாம்.

பம்ப் சத்தம் வரவே இல்லேன்னா, ஃப்யூஸ் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் படம் போட்டிருக்கும், பம்ப் ஃப்யூஸையும் ரிலேயையும் கண்டுபிடிங்க. ஹார்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் நிறைய வண்டில ஒரே சைஸ், மேல எழுதியிருக்கற நம்பரும் ஒண்ணா இருந்தா ரெண்டையும் இடம் மாத்துங்க. ஸ்டார்ட் ஆச்சுன்னா ஹார்ன் அடிக்காம வீடு போய் சேருங்க, நம்ம ஊர்ல அதுவே பெரிய தவம். ரிலே மாத்தியும் சத்தம் இல்லேன்னா பின் சீட் அடில, டேங்க் பக்கமா ரப்பர் சுத்தியலாலயோ செருப்பாலயோ நாலு தட்டு தட்டிக்கிட்டே செல்ஃப் அடிக்க சொல்லுங்க. பிரஷ் தேய்ஞ்ச மோட்டார் தட்டுனா ஒரு தடவை எழுந்துக்கும், எழுந்துக்கிட்டா பம்ப் மாத்த வேண்டிய நேரம் வந்தாச்சு, இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்னு கணக்கு போடாதீங்க. சில ஃபோர்டு, ஃபியட் வண்டில இடிச்சா பம்பை கட் பண்ற சுவிட்ச் ஒண்ணு தனியா இருக்கும், பெரிய பள்ளத்துல விழுந்தாலே சில சமயம் தூக்கிக்கும், மேல இருக்கற பட்டனை அழுத்துனா சரியாயிடும்.

பெட்ரோல் முள்ளு கால் டேங்க் காட்டுது அதனால பெட்ரோல் இருக்குன்னு நம்பாதீங்க, மிதவை ஒட்டிக்கிட்டா காலி டேங்க்கும் கால் காட்டும். பெட்ரோல் போட்டு கொஞ்ச தூரத்துலயே, அதுவும் மழைக்காலத்துல, திணறி நின்னா தண்ணி சந்தேகம். இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலந்துதான் வருது, தண்ணி அதிகமா சேர்ந்தா எத்தனால் தண்ணியோட சேர்ந்து பிரிஞ்சு டேங்க் அடில தங்கும், பம்ப் உறிஞ்சறதே அடில இருந்துதான். கொஞ்சம் பெட்ரோலை கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அரை மணி அசையாம வச்சா ரெண்டு அடுக்கா பிரிஞ்சு நிக்கும், அந்த பாட்டிலை போட்டோ எடுத்து, பங்க் பில்லோட பத்திரமா வைங்க.

கேஸ்ல ஓட்றவங்க முதல் வேலையா பெட்ரோலுக்கு மாத்தி பாருங்க. பெட்ரோல்ல ஓடுதுன்னா மேல சொன்னதுல பாதி டெஸ்ட் தேவையே இல்ல.

சொம்புத் தண்ணி டெஸ்ட்

கிராங்க் சென்சார் சூடானா சாகும், ஆறுனா பொழைக்கும், அதான் இவ்வளவு குழப்பம். உள்ள முடி மாதிரி மெல்லிசான கம்பி சுத்தியிருக்கும், எங்கயாவது ஒரு இடத்துல விரிசல் விட்டா சூட்ல விரிஞ்சு தொடர்பு அறுந்து, ஆறுனதும் ஒட்டிக்கும். இன்ஜின் பிளாக்லயே கியர்பாக்ஸ் பக்கமாவோ முன்னாடி புல்லி பக்கமாவோ ஒரே போல்ட்ல உக்காந்திருக்கும்.

ரோட்ல இதை உறுதி பண்ண ஒரு வழி: நின்ன உடனே அரை பாட்டில் தண்ணில துணியை நனைச்சு சென்சார் மேல மட்டும் போர்த்துங்க, கொதிக்கற இன்ஜின் மேல மொத்தமா ஊத்தக்கூடாது. வழக்கமா அரை மணி ஆகற வண்டி அஞ்சு நிமிஷத்துல ஸ்டார்ட் ஆனா குற்றவாளி கையும் களவுமா மாட்டிக்கிச்சு. திண்டிவனத்துல டீக்கடை பெரியவர் ஒருத்தர் "தம்பி, பம்ப் மேல ஈரத்துணி போடுப்பா"ன்னு சொன்னார், அவர் சொன்னது பழைய கார்புரேட்டர் வண்டிக்கு. அம்பாசிடர், பத்மினி எல்லாம் வெயில்ல குழாய்க்குள்ளயே பெட்ரோல் ஆவியாகி அடைச்சுக்கும், இன்ஜின் மேல இருக்கற பம்ப்ல ஈரத்துணி போட்டா ஓடும். என் வண்டிக்கு பம்ப் டேங்க்குக்குள்ள இருக்கு. ஆனாலும் பாருங்க, வைத்தியம் சரி, போட்ட இடம்தான் வேற.

வீட்ல வந்து கழட்டுன சென்சாரை மீட்டர்ல வச்சேன், 870 ஓம். ரெண்டு ஒயர் சென்சாருக்கு பொதுவா 500ல இருந்து 1500க்குள்ள இருக்கும், அதனால நல்லாத்தான் இருக்குன்னு தோணும், அந்த ரெண்டாவது கடைக்காரர் பார்த்துட்டு ஓகேன்னு விட்டதும் இதனாலதான். அப்புறம் ஒரு சொம்புல வெந்நீர் வச்சு, சென்சாரை பிளாஸ்டிக் கவர்ல கட்டி உள்ள இறக்கி, மீட்டரை பார்த்துக்கிட்டே உக்காந்தேன். 880, 900, 940ன்னு மெதுவா ஏறுச்சு, நாலாவது நிமிஷம் சட்டுனு மீட்டர் இடது ஓரத்துல ஒரே ஒரு "1" காட்டுச்சு, அப்படின்னா லைன் அறுந்துடுச்சு. வெளிய எடுத்து ஃபேனுக்கு கீழ காட்டுனேன், திரும்ப 900. ரெண்டு மாச தலைவலி எங்க வீட்டு எவர்சில்வர் சொம்புல மாட்டுச்சு, அந்த சொம்பை இப்ப சமையலறைக்குள்ள விடறதில்ல. மூணு ஒயர் சென்சார்னா அது பெரும்பாலும் ஹால் டைப், ஓம் வச்சு பார்க்க முடியாது, ஸ்கேனர்லதான் பார்க்கணும்.

மத்த சந்தேகங்கள், வேகமா

இக்னிஷன் சுவிட்ச்: வண்டி ஆன்ல இருக்கும்போது சாவியை மெல்ல ஆட்டுங்க, மீட்டர் லைட் எல்லாம் அணைஞ்சு எரிஞ்சா சுவிட்ச் தேய்ஞ்சிருக்கு, பத்து சாவியும் குட்டி பிள்ளையாரும் தொங்கற கொத்துன்னா இன்னும் சந்தேகம். எலி: பானெட் திறந்ததும் புழுக்கை, கடிச்ச ஒயர், தேங்காய் சில்லு ஏதாவது இருக்கான்னு பாருங்க, நின்ன இடத்துல வாரக்கணக்கா இருந்த வண்டின்னா இதைத்தான் முதல்ல பார்க்கணும். த்ராட்டில் அழுக்கு: சிக்னல்ல வேகம் குறைச்சதும் ஆஃப் ஆகும், ஆனா ஆக்சிலரேட்டர் லேசா மிதிச்சு அடிச்சா ஸ்டார்ட் ஆயிடும். அடிச்சு அடிச்சு பெட்ரோல் வாசனை குப்புனு வந்தா பிளக் நனைஞ்சிருக்கு, ஆக்சிலரேட்டரை தரை வரைக்கும் மிதிச்சபடி செல்ஃப் அடிங்க, நிறைய இன்ஜெக்‌ஷன் வண்டில அப்படி பண்ணா பெட்ரோல் கட் ஆகி உள்ள இருக்கறது காயும்.

டீசல்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால கதை சின்னது, பெரும்பாலும் ஒண்ணு டீசல் வரல, இல்ல காத்து இழுக்குது. ஃபில்டர் பக்கத்துல கைல அமுக்கற பம்ப் இருந்தா அது இறுகற வரைக்கும் அமுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஃபில்டர் அடில தண்ணி வடிக்கற திருகு இருக்கும், திறந்து பாருங்க. காமன் ரெயில், அதாவது அதிக பிரஷர்ல டீசல் அடிக்கற வண்டிக்கு கிட்டத்தட்ட 200 பார் பிரஷர் ஏறினாதான் பிடிக்கும், அந்த பைப்பை எல்லாம் ரோட்ல கழட்டாதீங்க, தோலை ஓட்டை போட்டு உள்ள போற பிரஷர். பெட்ரோல் வண்டிக்கு சொன்ன ஸ்ப்ரேயும் டீசலுக்கு கூடாது.

தண்ணில நின்னுச்சுன்னா

2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னைல எத்தனையோ இன்ஜின் செத்ததுக்கு தண்ணி பாதி காரணம், தண்ணில நின்ன வண்டியை ஓனர் திரும்ப ஸ்டார்ட் பண்ணது மீதி காரணம். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது, சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராடு வளையும். சாவியை ஆஃப் பண்ணுங்க, முடிஞ்சா பேட்டரி நெகட்டிவை கழட்டுங்க, தள்ளி மேட்டுக்கு கொண்டு போங்க. ஏர் ஃபில்டரை திறந்து தொட்டுப் பாருங்க, நனைஞ்சிருந்தா பிளக் எல்லாத்தையும் கழட்டி தண்ணியை வெளிய தள்ளி, ஆயில் மாத்துன பிறகுதான் ஸ்டார்ட். இன்ஷூரன்ஸ்ல இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுக்காதவங்களுக்கு இந்த செலவு பெரும்பாலும் கிடைக்காது, ஆட்-ஆன் இருந்தாலும் தண்ணில நின்ன பிறகு ஸ்டார்ட் பண்ணதா தெரிஞ்சா தகராறு வரும்.

ஸ்கேனர்

ஆயிரம் ரூபாய்க்குள்ளயே ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டி பதிவு பண்ற எரர் கோடை படிக்கற கருவி) கிடைக்குது, ஸ்டீயரிங் கீழ சொருகி போன்ல பார்க்கலாம். பி 0335 வந்தா கிராங்க் சென்சார் சர்க்யூட், பி 0340 கேம் சென்சார், ஆனா எரர் கோடு வரலேன்னா கோளாறு இல்லேன்னு அர்த்தமில்ல, என் வண்டில மூணாவது தடவைதான் பதிவாச்சு. எரர் கோடை விட லைவ் டேட்டா உண்மை பேசும், செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் 150ல இருந்து 250 காட்டணும், பூஜ்யம்னா மேல சொன்ன முள்ளு கதைதான். எரர் கோடை அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, கடைல சொருகுன உடனே அழிச்சுட்டுதான் அடுத்த வேலையே பாக்கறாங்க.

மெக்கானிக்கிட்ட என்ன சொல்லணும், சரியாச்சான்னு எப்படி பாக்கறது

"ஓடிட்டிருந்துச்சு, நின்னுடுச்சு பாய்" மட்டும் சொன்னா அவர் பம்ப்ல இருந்துதான் ஆரம்பிப்பார், அவரை குத்தம் சொல்ல முடியாது. நான் கடைசியா போன கடைல இப்படி சொன்னேன்: "பாய், நல்லா சூடானப்புறம் மட்டும் சட்டுனு ஆஃப் ஆகுது, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு எழும்பல, ஆன்ல பம்ப் சத்தம் இருக்கு, ஸ்ப்ரே அடிச்சும் பிடிக்கல, 25 நிமிஷம் ஆறுனா ஸ்டார்ட் ஆகுது." அவர் பானெட்டே திறக்காம, "கிராங்க் சென்சார் வாங்கிட்டு வாங்க சார், ஒரிஜினலா வாங்குங்க"ன்னார். சென்சார் 1,400, கூலி 300.

மாத்துன பிறகு கடை வாசல்ல ஸ்டார்ட் ஆகுதுன்னு காசு கொடுத்துட்டு வந்துடாதீங்க, அங்க அது எப்பவுமே ஸ்டார்ட் ஆகும். ஏசி போட்டு 40 நிமிஷம் ஹைவேல ஓட்டி, நிறுத்தி, பானெட்டை திறக்காம பத்து நிமிஷம் விடுங்க, ஓடாத இன்ஜின்ல அந்த பத்து நிமிஷம்தான் சென்சாருக்கு சூடு நல்லா ஏறும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. இதை மூணு தடவை பண்ணி மூணு தடவையும் ஒரே அடில பிடிச்சா சரி. கழட்டுன பழைய பார்ட்டை கேட்டு வாங்கிட்டு வாங்க, சொம்பு டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்ல.